செவ்வாயில் கால் வைக்குமுன்



வானை அண்ணாந்து நோக்கக் கற்ற நாள்தொட்டு மாந்தன் நெஞ்சைவிட்டு அகலாத வினா ஒன்று உண்டு. இப் பரந்த வெளியில் உயிர் என்பது இந் நிலவுலகிற்கு மட்டுமே உரியதா, வேறிடத்தும் உள்ளதா என்பதே அவ்வினா. அதற்கு விடை காணத்தக்க இடங்களுள் கைக்கு மிக அண்மையில் இருப்பது செவ்வாய். ஆனால், விடையைக் காணும் வாய்ப்பு வந்துள்ள இதே காலத்தில், விடையை அழித்துவிடும் வாய்ப்பும் மாந்தன் கைக்கு வந்துள்ளது.

செவ்வாய்க்கு ஆளனுப்பப் போவதாக அரசுகளும் பெருஞ்செல்வர்களும் நாள் குறித்து வருகின்றனர். எப்பொழுது போவது, எத்துணைப் பொருள் செலவாகும், முதற்கொடியை நடப்போர் யார் என்னும் பேச்சே எங்கும் கேட்கின்றது. போகுமுன் முடித்தாக வேண்டிய வேலை ஒன்று உண்டே, அது முடிந்ததா என்று கேட்பார் மிகச் சிலர். அவ்வேலை யாது, அஃது ஏன் முந்தியாக வேண்டும் என்பனவற்றை விளக்குவதே இவ்வுரையின் நோக்கம்.

செந்நிறக் கோள்

செவ்வாய் என்பது தூய தமிழ்ப் பெயர். உரோமர் அக்கோளுக்குத் தங்கள் போர்த் தெய்வத்தின் பெயரை இட்டனர். தமிழரோ, கண்ணுக்குத் தெரிந்த செம்மையையே பெயராக்கினர். அச்செம்மைக்குக் கரணியம் இரும்புத் துரு. அக்கோளின் மண்ணிலும் புழுதியிலும் இரும்பு துருவேறிக் கிடக்கின்றது. பெயரிட்டோர்க்கு அது தெரியாது. ஆயினும் அவர்கள் இட்ட பெயர் உண்மையிலிருந்து சிறிதும் விலகவில்லை.

அக்கோளின் குறுக்களவு ஏறத்தாழ 6,780 கிலோமீட்டர். நிலவுலகின் குறுக்களவில் பாதிக்குச் சற்று மேல். அங்கே ஒரு நாள் என்பது 24 மணி நேரத்தைவிட முக்கால் மணிக்கும் குறைவாகவே மிகும். ஆனால் ஓர் ஆண்டு 687 நாள். நில ஈர்ப்பு இங்குள்ளதில் 38 விழுக்காடு. காற்றழுத்தம் இங்குள்ளதில் நூற்றில் ஒரு பங்கும் இல்லை; அக்காற்றிலும் 95 விழுக்காடு கரியமிலவளி. வெப்பநிலையின் பொது அளவு உறைநிலைக்குக் கீழே 60 பாகையை ஒட்டியது. இன்று அது வறண்டு குளிர்ந்த பாலை. ஆனால் 300 கோடி ஆண்டுகட்கு முன்னர் அங்கே ஆறுகள் ஓடின, ஏரிகள் நிறைந்திருந்தன. இதற்கு ஐயமற்ற சான்றுகள் பாறைகளில் உள்ளன. இங்கே உயிர் முளைவிட்ட காலத்தில் அங்கும் நீர் இருந்தது என்றால், அங்கும் உயிர் முளைத்திருக்கலாம் அன்றோ?

பொருள் மாறிய ஒரு சொல்

1877-ஆம் ஆண்டில் செவ்வாய் நிலவுலகிற்கு மிக அண்மையில் வந்தது. இத்தாலி நாட்டு வானூலறிஞர் சியாப்பரெல்லி, மிலான் நகரிலிருந்து தொலைநோக்கியால் அதனைப் பார்த்து, அதன் முகத்தில் மெல்லிய கோடுகள் ஓடுவதாகக் குறித்தார். அவற்றிற்கு அவர் தம் மொழியில் இட்ட பெயர் 'கனாலி'. இயற்கையாய் அமைந்த கால்களையும் அச்சொல் குறிக்கும். ஆங்கிலத்தார் அதனைத் தம் மொழிக்குப் பெயர்த்தபோது, வெட்டியெடுத்த வாய்க்கால் என்னும் பொருள்தரும் சொல்லை இட்டுவிட்டனர். வாய்க்கால் என்றால் வெட்டியவன் ஒருவன் வேண்டுமே! சூயசு வாய்க்கால் திறக்கப்பெற்று எட்டு ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. எனவே, செவ்வாயிலும் பெரும்பொறியாளர் உளர் என்று எண்ணுதல் எளிதாயிற்று.

அமெரிக்கச் செல்வரான பெர்சிவல் உலோவல் என்பார் 1894-இல் அரிசோனாவில் ஒரு வானாய்வகமே நிறுவி, அக்கோடுகளை நூற்றுக்கணக்கில் வரைந்தார். வறண்டுவரும் கோளில் அறிவுடை உயிர்கள் முனைப்பனியை உருக்கி வாய்க்கால் வழியே கொணர்கின்றன என்று நூல்கள் எழுதினார். அவர் பொய்யர் அல்லர். காண விரும்பியதையே கண்டார், அவ்வளவே. 1965-ஆம் ஆண்டு சூலையில் மாரினர்-4 என்னும் கலம் செவ்வாயைக் கடந்து சென்று 22 ஒளிப்படங்களை அனுப்பியது. வாய்க்காலும் இல்லை, ஊரும் இல்லை. விண்கற்கள் விழுந்த பள்ளங்களே இருந்தன. ஒரு சொல்லின் பொருள் மாறியதால் முளைத்த நாகரிகம் அன்றோடு மறைந்தது.

உயிரைத் தேடும் வேலையில் விருப்பத்திற்கும் சான்றிற்கும் இடையே உள்ள தொலைவை ஒருபொழுதும் மறத்தல் ஆகாது என்பதே இக்கதையின் பாடம்.

1976-இல் கிடைத்த விடை

பின்னர் உண்மையான ஆய்வு தொடங்கிற்று. 1976-ஆம் ஆண்டு சூலை 20-ஆம் நாள் வைக்கிங்-1 என்னும் அமெரிக்கக் கலமும், செப்டம்பர் 3-ஆம் நாள் வைக்கிங்-2 என்னும் அதன் இணைக்கலமும் செவ்வாயில் இறங்கின. ஒவ்வொன்றிலும் உயிரைத் தேடும் ஆய்வுகள் மூன்று வைக்கப்பட்டிருந்தன.

அவற்றுள் ஒன்று கில்பர்ட்டு இலெவின் என்பார் வகுத்தது. செவ்வாயின் மண்ணை ஒரு சிமிழில் இட்டு, ஊட்டப்பொருள் கரைந்த நீர்த்துளியை அதன்மேல் விடுவர். அவ்வூட்டத்தில் உள்ள கரி, கதிரியக்கம் உடையது. மண்ணில் நுண்ணுயிரிகள் இருந்தால் அவை ஊட்டத்தை உண்டு வளியை வெளிவிடும்; அவ்வளியில் கதிரியக்கம் தெரியும். துளி விழுந்தது, வளியும் வெளிப்பட்டது! அதே மண்ணை முன்னரே 160 பாகைக்குச் சூடாக்கிப் பார்த்தபோது வளி வெளிப்படவில்லை. வெப்பத்தால் உயிர் மடிந்தால் எவ்வாறு நிகழுமோ அவ்வாறே நிகழ்ந்தது.

ஆனால் இரண்டாம் முறை ஊட்டத்தை விட்டபோது வளி மேலும் பெருகவில்லை. அதைவிடப் பெரிய தடை வேறொன்று. மண்ணைச் சூடாக்கி அதிலுள்ள சேர்மங்களை அளந்த மற்றொரு கருவி, உயிர்க்கு அடிப்படையான கரிமச் சேர்மம் எதனையும் உறுதியாகக் காட்டவில்லை. உடலே இல்லாத இடத்தில் உயிர் எங்ஙனம் இருக்கும்? எனவே, மண்ணில் உள்ள வேதிப்பொருளே வளியை எழுப்பியது என்று அறிஞருள் பெரும்பாலோர் முடிவு கட்டினர். இலெவின் மட்டும் 2021-இல் இறக்கும்வரை அம்முடிவை ஏற்கவேயில்லை.

இங்கே ஒரு செய்தியைக் கூர்ந்து நோக்க வேண்டும். அக்கருவி குளோரின் கலந்த கரிமச் சேர்மங்கள் சிலவற்றை மிகச் சிற்றளவில் காட்டத்தான் செய்தது. ஆனால் அவை, கருவியைத் தூய்மை செய்யப் பயன்பட்ட நீர்மத்தின் மிச்சம் என்று கருதித் தள்ளப்பட்டன. முப்பது ஆண்டுகளுக்குப் பின்னர், 2008-ஆம் ஆண்டு மே 25-ஆம் நாள் செவ்வாயின் வடபகுதியில் இறங்கிய பீனிக்சு என்னும் கலம், அம்மண்ணில் பெர்குளோரேட்டு என்னும் உப்பு இருப்பதைக் கண்டது. சூடாக்கினால் கரிமச் சேர்மங்களை எரித்துவிடும் இயல்புடையது அவ்வுப்பு. தென்னமெரிக்காவின் அட்டகாமாப் பாலை மண்ணோடு அவ்வுப்பைக் கலந்து சூடாக்கிய ஆய்வாளர்கள், வைக்கிங் கண்ட அதே வகைச் சேர்மங்கள் வெளிவருவதை 2010-இல் அறிவித்தனர். ஆகவே, கழிவு என்று தள்ளியது செவ்வாயின் சொந்தப் பொருளின் சுவடாகவும் இருக்கலாம். வழக்கு இன்னும் முற்றாகத் தீரவில்லை.

தூய்மை செய்த நீர்மத்தின் ஒரு துளி ஒட்டியிருக்குமோ என்னும் ஐயமே ஓர் உலகின் விடையை முப்பது ஆண்டுகள் மங்கவைக்க வல்லது என்றால், உயிருள்ள மாசு போய்ச் சேர்ந்தால் என்னாகும்?

பாறை காட்டும் புள்ளிகள்

2012-இல் கேல் என்னும் பெரும்பள்ளத்தில் இறங்கிய கியூரியாசிட்டி ஊர்தி, அவ்விடம் முன்னாளில் ஏரியாய் இருந்தது என்பதை நிறுவியது. 300 கோடி ஆண்டு முதிர்ந்த அதன் சேற்றுப்பாறையில் கரிமச் சேர்மங்கள் உள்ளன என்பது 2018-இல் வெளியாயிற்று. கரிமச் சேர்மம் உயிருக்குச் சான்று அன்று. உயிரின்றியும் அது தோன்றும். ஆயினும் 1976-இல் நின்ற பெருந்தடை நீங்கிற்று.

2021-ஆம் ஆண்டு பிப்ரவரி 18-ஆம் நாள் பெர்சிவரன்சு என்னும் ஊர்தி, செசீரோ என்னும் பள்ளத்தில் இறங்கியது. ஆறு ஒன்று ஏரியில் கலந்து வண்டலைக் கொட்டிய இடம் அது. 2024-ஆம் ஆண்டு சூலையில் அவ்வூர்தி ஒரு சேற்றுப்பாறையைக் கண்டது. அதன்மேல் சிறுத்தையின் உடலில் உள்ளவை போன்ற புள்ளிகள் இருந்தன. இரும்பும் எரியமும் (பாசுவரமும்) சேர்ந்த கனிமமும், இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமமும் அப்புள்ளிகளில் இருப்பதற்கான அறிகுறிகளை ஆய்வாளர்கள் 2025-ஆம் ஆண்டு செப்டம்பரில் வெளியிட்டனர். நிலவுலகின் சேற்றில் இத்தகைய கனிமங்களைப் பெரும்பாலும் நுண்ணுயிரிகள் உண்டாக்குகின்றன. உயிரின்றியும் இவை அமையக்கூடும். ஆதலால் 'உயிர்ச்சுவடாக இருக்கலாம்' என்பதற்குமேல் ஒரு சொல்லும் அவர்கள் கூறவில்லை. உலோவலின் கதையிலிருந்து அறிவுலகம் கற்ற அடக்கம் இது.

அப்பாறையின் துண்டு ஒன்று குழலில் அடைபட்டு அவ்வூர்தியில் இருக்கின்றது. அதனை இங்குள்ள ஆய்வகங்களுக்குக் கொணர்ந்தாலன்றி ஐயம் தீராது. கொண்டுவரும் திட்டமோ பொருட்செலவால் தடுமாறிற்று. 1,100 கோடி டாலர் ஆகும், 2040-க்கு முன் வாராது என்னும் கணக்கைக் கண்டு, இதனை ஏற்பதற்கில்லை என்று நாசாவே 2024-இல் அறிவித்தது. வினாவின் வாயிலில் வந்து நின்றுகொண்டு, உள்ளே போகப் பொருள் இல்லை என்கின்றனர். அதே வேளையில், அதனினும் பன்மடங்கு பொருள் விழுங்கும் மாந்தச் செலவைப் பற்றி வாய் ஓயாது பேசுகின்றனர்.

மாந்தன் போகும் வழி

1969 முதல் 1972 வரை பன்னிருவர் நிலவில் கால் பதித்தனர். நிலவு ஏறத்தாழ 3,84,000 கிலோமீட்டர் தொலைவு. மூன்று நாள் வழி. செவ்வாயோ மிக நெருங்கும்போதே ஐந்தரைக் கோடி கிலோமீட்டர். விலகும்போது 40 கோடி. போவதற்கு ஏற்ற வேளை 26 மாதங்களுக்கு ஒருமுறையே வாய்க்கும். போக ஆறு முதல் ஒன்பது மாதம், ஏற்ற வேளை வரும்வரை அங்கே தங்கல், மீள அதே அளவு காலம் என ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் ஆகும். ஒருவர் தொடர்ந்து விண்வெளியில் தங்கிய மிகுநீண்ட காலம் 437 நாள். உருசிய மருத்துவர் பாலியக்கோவ் 1994–95-இல் அவ்வாறு தங்கினார்.

வழியில் கதிர்வீச்சு உண்டு. கியூரியாசிட்டி தன் வழிச்செலவிலேயே அதனை அளந்தது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 1.8 மில்லிசீவர்ட்டு. நிலவுலகில் ஒருவர் இயல்பாக ஓர் ஆண்டு முழுவதும் பெறுவது ஏறத்தாழ 2.4. இங்கே ஓராண்டில் பெறுவதை அவ்வழியில் இரண்டே நாளில் பெற்றுவிடுவர். போய்த் திரும்பும் வழியிலேயே, நாசா தன் வானோடிக்கு வாழ்நாள் முழுமைக்கும் வகுத்துள்ள 600 என்னும் எல்லை கடந்துவிடும். அங்கே இறங்கினால் மூச்சிழுக்க உயிர்வளி இல்லை; மண்ணிலோ கழுத்துச் சுரப்பியைக் கெடுக்கும் நச்சுப்பு.

இவையெல்லாம் வெல்ல முடியாத தடைகள் அல்ல. இன்றில்லையேல் நாளை அறிவு அவற்றை வெல்லும். வென்றபின்னும் தீராத தடை ஒன்றே. அது மாந்தன் தன் உடலோடு கொண்டுபோவது.

உடன் செல்லும் கூட்டம்

ஒரு மாந்தன் உடலில் ஏறத்தாழ 38 இலக்கம் கோடி நுண்ணுயிரிகள் வாழ்கின்றன. தோலில், வாயில், குடலில், மூச்சில் எங்கும் அவையே. இவற்றைக் கழுவிப் போக்க முடியாது. போக்கினால் மாந்தனே நலமாய் வாழான். பொறிகளையோ வேகவைக்கலாம். வைக்கிங் கலங்களை 112 பாகை அளவு வெப்பத்தில் ஒருநாளுக்கும் மேலாக வைத்தே அனுப்பினர். இன்றும் செவ்வாயில் இறங்கும் கலத்தின் மேற்பரப்பில் மூன்று இலக்கம் நுண்வித்துகளுக்குமேல் இருத்தல் ஆகாது என்பது நெறி. மாந்தனை வேகவைக்க முடியுமா?

விண்ணுடை சிறிதேனும் கசியும். உறைவிடத்தின் கதவு திறந்து மூடும்போதெல்லாம் காற்று வெளியேறும். கழிவு சேரும். கலம் மோதி நொறுங்கினாலோ உள்ளிருந்த அனைத்தும் மண்ணில் சிதறும். அதன்பின் காற்று தன் வேலையைச் செய்யும். 2018-இல் எழுந்த புழுதிப்புயல் செவ்வாய்க் கோள் முழுவதையும் மூடியது. பதினான்கு ஆண்டுகளாக உழைத்த ஆப்பர்ச்சூனிட்டி என்னும் ஊர்தி அதிலேதான் ஓய்ந்தது.

"அந்தக் குளிரிலும் கதிரிலும் இங்குள்ள உயிரி எங்ஙனம் பிழைக்கும்?" என்று கேட்பர். வெட்டவெளியில் புறவூதாக் கதிர் பெரும்பாலானவற்றைக் கொல்லும் என்பது உண்மையே. ஆனால் சில மில்லிமீட்டர் புழுதி மூடினாலே அக்கதிர் உட்புகாது. கதிர்வீச்சால் தூய்மை செய்த இறைச்சியில் பிழைத்திருந்ததாக 1956-இல் கண்டறியப்பட்ட நுண்ணுயிரி ஒன்று, பன்னாட்டு விண்வெளி நிலையத்தின் வெளிப்புறத்தில் மூன்று ஆண்டுகள் உயிரோடிருந்ததைச் சப்பானிய அறிஞர் 2020-இல் காட்டினர். பீனிக்சு கலத்தை உருவாக்கிய தூய்மையறையிலேயே, ஊட்டம் ஏதுமற்ற தரையில், அதுவரை எவரும் அறியாத ஒரு நுண்ணுயிரி வாழ்ந்தது. அது பின்னர்த் தென்னமெரிக்காவில் உள்ள மற்றொரு தூய்மையறையிலும் காணப்பட்டது. எங்கும் பிழைக்க வல்லவை எவையோ அவையே தூய்மையறையில் எஞ்சுகின்றன, அவையே கலமேறுகின்றன.

"மாந்தன் நேரில் போனால் ஊர்தி ஓராண்டில் செய்வதை ஒரு நாளில் செய்வானே" என்றும் கூறுவர். இதுவும் மெய்யே. மண்ணியல் அறிஞர் ஒருவரின் கண்ணுக்கும் கைக்கும் இணையான பொறி இன்னும் இல்லை. ஆனால், தடயம் நிறைந்த இடத்தில் திறமையான ஆய்வாளனே ஆயினும் சேற்றுக்காலோடு நுழைந்தால் அங்கே எது கள்வன் காலடி, எது தன் காலடி என்று எவ்வாறு பிரிப்பான்? மாந்தர் சென்றபின் செவ்வாயில் ஒரு நுண்ணுயிரி கிடைத்தால், அஃது அங்கே பிறந்ததா, வந்தவரோடு வந்ததா என்னும் வழக்கு எழும். இரு உலகங்கட்கும் இடையே விண்கற்கள் வழியாகப் பண்டே உறவு இருந்திருக்கலாம். ஆகவே அங்குள்ள உயிர் இங்குள்ளதை ஒத்திருக்கவும் கூடும். அந்நிலையில் அவ்வழக்கைத் தீர்த்தல் அரிதினும் அரிது.

வெற்றிடம் என்னும் சொல்

வேறொரு கேடும் உண்டு. அங்கே நொய்ந்த உயிர்கள் நிலத்தடியில் ஒண்டி வாழ்கின்றன என்றே கொள்வோம். புதிதாய் வந்தவை அவற்றின் இடத்தைப் பறித்துக் கொள்ளலாம். நிலவுலகின் வரலாறு இதனை நன்கு அறியும். 1520-இல் மெக்சிகோவின் அசுட்டெக்கு மக்களை வாளினும் கொடிதாய் வீழ்த்தியது, வந்தவர் கொண்டுவந்த பெரியம்மை. ஆத்திரேலியாவில் தொல்குடிகள் வாழ்ந்த நிலத்தை உரிமையாளர் அற்ற நிலம் என்று ஆங்கிலேயர் கொண்டனர். அக்கோட்பாடு பொய் என்று அந்நாட்டு உயர்நயமன்றம் ஏற்க 1992 வரை ஆயிற்று. வெற்றிடம் என்று சொல்லிக்கொண்டு நுழைந்தோர், வெற்றிடந்தானா என்று முன்கூட்டி நோக்கியதில்லை. நுண்ணுயிரியை மாந்தரோடு ஒப்பிடுதல் பொருந்தாது. நோக்காமல் நுழையும் பழக்கமோ ஒன்றே.

நெறி இல்லாமலும் இல்லை. 1967-ஆம் ஆண்டின் விண்வெளி உடன்படிக்கை, பிற கோள்களைக் கேடுதரும் வகையில் மாசுபடுத்தலாகாது என்கின்றது. எந்நாடும் அவற்றைத் தன் உடைமை என்று கொள்ளலாகாது என்றும் கூறுகின்றது. ஆனால் மீறினோர்க்கு இன்ன தண்டம் என்று அஃது எதுவும் வகுக்கவில்லை. 2019-ஆம் ஆண்டு ஏப்பிரலில் இசுரேலியத் தனியார் கலம் ஒன்று நிலவில் மோதி நொறுங்கியது. அதில் நீர்க்கரடி எனப்படும் நுண்விலங்குகள் ஆயிரக்கணக்கில் வைக்கப்பட்டிருந்தன என்பது பின்னரே உலகிற்குத் தெரிந்தது. நிலவில் அவை பெருகப்போவதில்லை. ஆயினும், உலகத்தார் அனைவர்க்கும் பொதுவான ஓரிடத்தில் எதனை இடுவது என்பதைச் சிலர் தாமே முடிவு செய்துவிட முடியும் என்பது தெளிவாயிற்று. செவ்வாயில் பத்து இலக்கம் பேர் வாழும் நகர் அமைப்போம் என்று அமெரிக்கப் பெருஞ்செல்வர் ஈலான் மசுக்கு கூறிவருவதையும் இதனோடு சேர்த்து எண்ணுதல் வேண்டும்.

திரும்பி வரும் வழியிலும் இதே கவனம் தேவை. 1969-இல் நிலவிலிருந்து மீண்ட மூவரையும் 21 நாள் ஒதுக்கி வைத்தனர். ஆனால் அவர்களின் கலத்தைக் கடலிலேயே திறந்துவிட்டனர். நிலவில் உயிர் இல்லாமையால் கேடில்லை. காத்தது நெறியன்று, நற்பேறே.

செய்ய வேண்டுவன

செவ்வாய்க்கு மாந்தன் போகவே கூடாது என்பது இவ்வுரையின் கருத்தன்று. போதல் நன்று, முந்துதல் தீது. முதலாவதாக, அடைத்து வைத்துள்ள பாறைத் துண்டுகளை நிலவுலகிற்குக் கொணர்ந்து ஆய்தல் வேண்டும். தியான்வென்-3 என்னும் கலங்களை 2028 அளவில் அனுப்பிச் செவ்வாய் மண்ணைக் கொணரச் சீனம் திட்டமிட்டுள்ளது. எந்நாடு கொணர்ந்தாலும் விடை எல்லார்க்கும் உரியது. இரண்டாவதாக, ஈரமும் வெதுவெதுப்பும் இருக்கக்கூடிய இடங்களுக்கு வைக்கிங்கைப் போல் முற்றத் தூய்மை செய்த பொறிகளையே அனுப்புதல் வேண்டும். மூன்றாவதாக, பின்னாளில் மாந்தர் இறங்குவதாயின், உயிர்ச்சுவடு இருக்கக்கூடிய இடங்களினின்று தொலைவான, வறண்ட, எல்லை வகுத்த ஓரிடத்திலேயே இறங்குதல் வேண்டும். நான்காவதாக, இந்நெறிகள் தனியார்க்கும் அரசுகட்கும் ஒப்பக் கட்டாயமாதல் வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் ஆகும் காலம் ஓர் இருபது அல்லது முப்பது ஆண்டு. 300 கோடி ஆண்டுகளாகக் காத்துக் கிடக்கும் பாறைக்கு இஃது ஒரு நொடியும் அன்று. போக விரைவோர்க்குத்தான் அது நீண்டதாகத் தெரியும்.

ஆழம் அறியாமல் காலை விடாதே என்பது ஊர்ப்புறத்தில் சிறுபிள்ளைக்கும் தெரிந்த பழமொழி. கால் விடுவோனைக் காக்கச் சொன்னது அது. செவ்வாயைப் பொறுத்தவரை, கால் விடுவோனை மட்டுமன்றி அவன் காலடியில் இருக்கக்கூடியதையும் காக்கும் பொருளில் அதனைக் கொள்ளுதல் வேண்டும். கால் வைத்தபின் அதனை எடுத்துவிடலாம். கலங்கிய நீரைப் பழையபடி ஆக்க முடியாது. உயிர் தனித்தே தோன்றியதா என்னும் வினாவை, செவ்வாயினிடம் மாசின்றிக் கேட்பதற்கு மாந்த இனத்திற்குக் கிடைப்பது ஒரே ஒரு முறை. அதனைச் சிலருடைய விரைவுக்கு இரையாக்குவதற்கு எந்நாட்டார்க்கும் எச்செல்வர்க்கும் உரிமை இல்லை.